வீட்டுச் சோப்பில் தேங்காயெண்ணெய்

தில்லியிலும் கான்பூரிலும் மார்கழி பிறந்துவிட்டால், நம் வீட்டு அலமாரியில் தேங்காயெண்ணெய் கல்லாய் உறைந்துவிடும். வெப்பம் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது உறைவது இயல்பே, கலப்படத்தின் அடையாளமன்று. அக்குளிரில் குழந்தைகளின் கன்னமும் பெரியோரின் குதிகாலும் வெடிப்பது கண்டு, நம்மவர் சிலர் வீட்டிலேயே சோப்புச் செய்ய முற்படுகின்றனர். நன்முயற்சியே, ஆயின் அளவறிந்து செய்தல் வேண்டும்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடினால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். வீட்டுச் சோப்பில் கிளிசரின் பிரிக்கப்படாமல் தங்கித் தோலின் ஈரத்தைக் காக்கும். தேங்காயெண்ணெய்ச் சோப்பு உவர்நீரிலும் நுரைக்கும், கெட்டியாகவும் இருக்கும். தனித்துச் செய்தால் தோலை வறட்டும். கடலையெண்ணெய் சேர்த்தால் அக்குறை தணியும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. 500 கிராம் தேங்காயெண்ணெய் சுமார் 91 கிராம் சோடாவை ஏற்கும். அதே எடைக் கடலையெண்ணெய் ஏற்பது 68 கிராமே. தேங்காயெண்ணெய் விலையேறிற்றென்று கடலையெண்ணெயை மட்டும் ஊற்றிப் பழைய அளவிலேயே சோடாவைப் போட்டால், மிஞ்சும் 23 கிராம் சோப்பிலேயே நின்று தோலைப் பொசுக்கும். பார்சல்களை நிறுத்து ரசீதெழுதும் தொழிலில் உள்ள நாம் சொல்வது இதுவே: கரண்டிக் கணக்கு வேண்டா, தராசே வேண்டும்.

350 கிராம் தேங்காயெண்ணெய், 150 கிராம் கடலையெண்ணெய், 80 கிராம் சோடா, 200 கிராம் தண்ணீர் ஆகியவை போதும். இவ்வளவில் சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சி, சோப்பு மென்மையாகும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுக. சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. கலவை கொதிப்பதுபோல் சூடேறும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டே தொடங்குக. கண்ணில் தெறித்தால் உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் விரைக.

கலவை ஆறியபின் உருக்கிய எண்ணெயில் ஊற்றி, தோசைமாவுப் பதம் வரும்வரை கிளறி, அச்சில் வார்க்கவும். மறுநாளோ அதற்கு மறுநாளோ கையுறையுடன் வில்லைகளாக அறுத்து, நான்கு வாரம் காற்றாட உலர்த்துக. அதற்குமுன் பயன்படுத்தலாகாது.

குளித்தபின் ஈரம் முற்றும் காயுமுன் சில துளி தேங்காயெண்ணெய் தடவுதலும் வறட்சிக்கு நன்று. நிலக்கடலை ஒவ்வாதவர் உள்ள வீட்டில் கடலையெண்ணெயை விலக்குக. அப்போது 500 கிராமும் தேங்காயெண்ணெயாயின் சோடா 86 கிராம். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும் என்பதை நம் இல்லங்கள் மறவாதிருக்கட்டும்.