சிலந்தி நஞ்சு: அதன் அமைப்பும் தொழிலும்

கொழும்பு கிராண்ட்பாஸில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில், இரவில் விளக்கைப் போட்டதும் சுவரில் உள்ளங்கையளவு சிலந்தியொன்று அசையாமல் நிற்பதைக் காணலாம். சில வேளைகளில் அதன் உடலின் கீழ் வெள்ளைக் காசு போன்ற முட்டைப்பையும் இருக்கும். வலை பின்னாமல், ஓடிச் சென்று கரப்பானைப் பிடித்துண்ணும் வேட்டைச் சிலந்தி இது. மறுநாள் வீட்டில் எவருக்காவது தோலில் எரிவும் கொப்புளமும் கண்டால் பழி இதன்மேல் விழும். “சிலந்தி ஊர்ந்துவிட்டது” என்பார்கள். கிராமங்களிலும் இதே பேச்சுத்தான். இப்பழி பொருத்தமானதா என்று அறிய, சிலந்தி நஞ்சு எதனால் ஆனது, எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முடிச்சிட்ட மாலை

உலகில் 50,000 இற்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. மிகச் சில தவிர்ந்த ஏனைய யாவற்றிடமும் நஞ்சு உண்டு. ஆயினும் மனிதருக்கு ஆபத்தானவை மிகக் குறைவே. ஏனெனில் அந்நஞ்சு முக்கியமாகப் பூச்சிகளை வீழ்த்துவதற்கென அமைந்தது.

நஞ்சு என்பது ஒரே பொருளன்று. பல நச்சுப் பொருட்களின் கலவை. அவற்றுட் பெரும்பாலானவை 30, 40 அமினோ அமிலங்கள் மணிமாலைபோலக் கோக்கப்பட்ட சிறு புரதங்கள். இம்மாலை நேராகக் கிடப்பதில்லை. அதிலுள்ள கந்தகம் கொண்ட மணிகள் இரண்டிரண்டாக இணைந்து, பொதுவாக மூன்று பாலங்களை அமைக்கின்றன. இரு பாலங்கள் சேர்ந்து ஒரு வளையமாக, மூன்றாவது அதனூடே புகுந்து முடிச்சிடுகிறது. இம்முடிச்சினால் அப்புரதம் வெப்பத்தாலும் நொதியங்களாலும் எளிதில் சிதைவதில்லை.

பூட்டும் திறப்பும்

எமது நரம்புக் கலங்களின் மென்சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் அயன்கள் அவற்றினூடே சென்று வருவதாலேயே நரம்பில் செய்தி ஓடுகிறது. நச்சுப் புரதம் ஒவ்வொன்றும், பூட்டுக்கேற்ற திறப்பைப் போல, குறித்த சில வாயில்களுக்கே பொருந்தும். சில புரதங்கள் வாயிலை அடைத்துவிடும், இரை செயலிழக்கும். வேறு சில வாயிலை மூடவிடா. வலியும் தசையிழுப்பும் உண்டாகும்.

இதற்கு நல்ல உதாரணம் எமது சமையலறையிலேயே உண்டு. மிளகாயின் காரம் ஒரு நரம்பு வாயிலைத் திறப்பதால்தான் நாம் எரிவை உணர்கிறோம். மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள ஒரு பெருஞ்சிலந்தியின் நஞ்சும் அதே வாயிலைத் திறக்கிறது என்று 2006 இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம் கண்டறிந்தது. அவ்வாயில் பற்றிய ஆய்வுகளுக்காக 2021 இன் மருத்துவ நோபல் பரிசில் அவர் பங்குபெற்றார்.

விவசாயிகளுக்கும் இதில் செய்தி உண்டு. அவுஸ்திரேலியச் சிலந்தியொன்றின் நச்சுப் புரதம் பூச்சிகளின் நரம்பு வாயில்களைத் தாக்கும். பாலூட்டிகளுக்குத் தீங்கு செய்வதில்லை. அதை அடிப்படையாகக் கொண்டு நொதிப்பு முறையில் தயாரிக்கப்பட்ட பூச்சிநாசினி 2014 இல் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டது.

கொப்புளத்துக்குக் காரணம் யார்?

இத்தகைய புரதம் முழுத்தோலை ஊடுருவாது. சிலந்தி தன் நச்சுப் பல்லால் குத்திச் செலுத்தினாலே அது நரம்பை அடையும். ஆகவே சிலந்தி ஊர்ந்ததனால் கொப்புளம் வருவதில்லை.

காலையில் கோடாகக் காணப்படும் எரிகாயத்துக்குப் பெரும்பாலும் காரணம், வயல்களிலிருந்து விளக்கொளி நாடி வரும் செம்மஞ்சளும் கறுப்புமான சிறு வண்டு. அது கடிப்பதில்லை. தோலில் நசுங்கும்போது வெளிப்படும் திரவமே எரிக்கிறது. அதிலுள்ள நஞ்சு முடிச்சிட்ட புரதமன்று, தோலைத் தாக்கவல்ல சிறிய மூலக்கூறு. ஆகவே அவ்வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளி, பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோலக் கடும் வலியுடன் கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம். முன்னர் வந்த கொப்புளிப்பான் நோயின் வைரசு உடலில் உறங்கியிருந்து மீண்டும் எழுவதே அக்கி. அதற்கான மருந்தை முதல் 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே சிறந்தது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. சிலந்தி விஷமென்று எண்ணிப் பார்வை பார்ப்பதிலும் பச்சிலை பூசுவதிலும் கழியும் மூன்று நாட்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

உண்மையாகவே கடித்தால்

எமது நாட்டில் கடித்தால் கடும் வலி தரும் சிலந்திகளும் உண்டு. ‘பொயிசிலோதேரியா’ என்னும் பெரிய மரச்சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றன. மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்ட இனமொன்று 2012 இல் புதிதென அறிவிக்கப்பட்டது. கால்களை விரித்தால் சுமார் 20 சென்றிமீற்றர். முதிர்ந்த மரப்பொந்துகளே இவற்றின் வீடு. மரங்கள் அழியும்போது இவை கட்டடங்களுக்குள் வருகின்றன. இவ்வகைச் சிலந்தி கடித்தால் வலியும் வீக்கமும், சில மணித்தியாலங்களின் பின் கடும் தசைப்பிடிப்பும் ஏற்படலாம்.

கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வெட்டவோ, இறுகக் கட்டவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். தசைப்பிடிப்பு, மூச்சுத்திணறல், பரவும் வலி ஆகியவற்றுள் எது கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். சுவரில் நிற்கும் வேட்டைச் சிலந்தியை விட்டுவிடுங்கள். கரப்பானைக் குறைக்க அது உதவும்.