5,000 வாட்டா? கார் ஆம்ப்ளிஃபயரின் அசல் பலம் எவ்வளவு தெரியுமா?

கார் ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட் × 4' என்று மின்னுகிறதே, அதில் நிஜமாகக் கிடைப்பது எவ்வளவு தெரியுமா? ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்!

மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை, முதலிலேயே இல்லை! இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் தனியாக இல்லாத ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஒலியாகத் தரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்தான். அதிலும் கொஞ்சம் உள்ளேயே வீணாகிவிடும். அப்படியானால் அந்த 50? வால்யூமை முழுக்கத் திருகி, ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்டால் 14.4 × 14.4 ÷ 4 = 51.84 வாட்! பெட்டியில் அச்சான எண் இப்படித்தான் பிறக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாட்டில் பாட்டுக் கேட்கவும் முடியாது!

சரி, டிக்கியில் வைக்கும் தனி ஆம்ப்ளிஃபயர்? அட்டையில் '1,500 வாட்' என்று இருந்தால் உடனே ஃப்யூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸா? 14.4 × 30 = 432 வாட். தொடர்ந்து உள்ளே போவதே அவ்வளவுதான்! போனதைவிட அதிகமாக வெளியே வருமா? சிக்கனமான 'டி' வகுப்பு ஆம்ப் என்றால் 350 வாட் வரலாம். பழைய 'ஏபி' வகுப்பா? கிட்டத்தட்ட பாதி சூடாகவே போய்விடும்!

நிஜமாகவே 5,000 வாட் தொடர்ந்து வேண்டுமா? 80 சதவீதத் திறனுள்ள ஆம்ப்புக்கே 434 ஆம்பியர் ஊட்ட வேண்டும். சாதாரணக் காரின் ஆல்டர்னேட்டர் தருவதோ 60 முதல் 120 ஆம்பியர்! அந்த 434 ஆம்பியரைக் குதிரைத்திறனில் சொன்னால் எட்டுக்கும் மேல். நம்மூர் 100 சிசி பைக்கின் இன்ஜின் மொத்தமும் பாட்டுக்கே சரியாகிவிடும்!

அமெரிக்க ரசிகர்கள் இப்படிப்பட்ட அட்டை எண்களுக்கு வைத்திருக்கும் கேலிப்பெயர் என்ன தெரியுமா? 'மின்னல் அடித்தால் வாட்'! மின்னல் தாக்கினால் மட்டுமே அவ்வளவு பவர் வருமாம்!

உண்மையை எப்படித்தான் அளப்பது? ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சூடு தாங்கும் 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. அலை வெட்டுப்படுகிறதா என்று பார்க்க ஆஸிலோஸ்கோப். மீட்டர் 20 வோல்ட் காட்டினால் 100 வாட். 40 காட்டினால் 200 என்றா நினைத்தீர்கள்? 400! வோல்டேஜ் இரண்டு மடங்கானால் வாட் நான்கு மடங்கு!

இன்னொரு கூத்து: 4 ஓம் வூஃபர் பாடும்போது 4 ஓமாகவே இருப்பதில்லை! பெட்டிக்குள் அதிரும்போது சில சுருதிகளில் அது 10 ஓமையும் தாண்டும். ரெசிஸ்டரில் 1,000 வாட் காட்டிய ஆம்ப், 10 ஓம் எதிர்ப்பைச் சந்தித்தால் 400 வாட்தான்! பேட்டரி 14.4-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பல ஆம்ப்களில் பவரும் 30 சதவீதம் காலி!

அட்டையில் இப்படி ஊதிப் போடும் எண்களைத் தட்டிக்கேட்க விதியே இல்லையா? இருந்தது, ஆனால் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும்! அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-ல் விதி போட்டது. மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் அளக்க வேண்டும் என்று அப்போது அவ்வளவு கறாராக இருந்தது! கார் ஆம்ப்ளிஃபயர் அந்த வலையில் சிக்கவே இல்லை. அதற்கென்று 'சி.இ.ஏ. 2006' என்ற பொது அளவுகோல் வந்தது 2003-ல்தான். பெயரில் 2006, பிறந்தது 2003! அதுவும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம்.

எல்லோரும் கூட்டித்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்களா? குறைத்துச் சொன்னவர்களும் உண்டு! அந்தக் காலக் கார் ஒலிப் போட்டிகளில் அட்டையில் போட்ட வாட்டை வைத்துத்தான் பிரிவு ஒதுக்குவார்கள். ஓரியன் 225 என்ற ஆம்ப்பின் அறிவிக்கப்பட்ட பவர், 4 ஓமில் சேனலுக்கு வெறும் 25 வாட். அதையே அரை ஓமில் மாட்டினால்? எட்டு மடங்கு, 200 வாட்! பூனைப் பிரிவில் புலி! இவற்றுக்கு 'சீட்டர் ஆம்ப்' என்றே பட்டப்பெயர். எனக்கு இந்தக் கில்லாடித்தனம்தான் ரொம்பப் பிடித்தது!

கடைசியாக ஒன்று. 1,000 வாட்டை 2,000 ஆக்கினால் சத்தம் எவ்வளவு கூடும்? வெறும் 3 டெசிபல்! காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் பவரைப் பத்து மடங்காக்க வேண்டும்!

அடுத்த முறை கடைக்குப் போனால், "14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் (ஒலிச் சிதைவு), தொடர்ந்து தரும் ஆர்.எம்.எஸ். பவர் எத்தனை வாட்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையா? ஃப்யூஸைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்!