சிங்கப்பூரில் முதல் வாரங்கள்: ஊழியர் கையில் இருக்க வேண்டிய சான்றுகள்

கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை பெற்றுத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் சென்று சேரும் ஊழியருக்கு அந்நகரம் முதலில் தரும் தோற்றம் பெரும்பாலும் நம்பிக்கையூட்டுவதாகவே அமைகிறது. தமிழ் அங்கு நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருப்பதும், தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியா வட்டாரம் ஞாயிறு மாலைகளில் ஊர்க்காரர்களால் நிரம்பி வழிவதும், குப்பை போட்டாலே அபராதம் என்ற பேச்சும் சேர்ந்து, சட்டம் தானாகவே தம்மைக் காக்கும் என்ற எண்ணத்தைப் புதியவரிடம் உண்டாக்குகின்றன. அந்த எண்ணம் பாதிதான் சரி. சட்டங்கள் இருக்கின்றன, ஆனால் ஊதியத் தகராறுகளில் அவை பெரும்பாலும் ஊழியர் முறையிட்ட பிறகே அசைகின்றன, முறையீடு நிற்பதோ அவர் காட்டும் சான்றுகளைப் பொறுத்தது.

அச்சான்றுகளுள் முதன்மையானது, வேலை அனுமதிக்கு முன்னோடியாக மனிதவள அமைச்சு வழங்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். ஊழியர்கள் இதை ஐ.பி.ஏ. என்றே சொல்கிறார்கள். அடிப்படை ஊதியம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை குறிக்கப்பட்டுள்ள இக்கடிதத்தின் தாய்மொழிப் படி, ஊழியர் விமானம் ஏறுவதற்கு முன்பே அவரிடம் சேர வேண்டும். இதில் உள்ள ஊதியத்தை அவருடைய எழுத்துவழி ஒப்புதலின்றி முதலாளி குறைக்க முடியாது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்: வந்திறங்கிய சில நாள்களில், மருத்துவப் பரிசோதனைக்கும் விரல்ரேகைப் பதிவுக்கும் இடையே நீட்டப்படும் தாள்களுள் ஒன்று, குறைந்த ஊதியத்துக்கான ஒப்புதலாகவும் இருக்கக்கூடும். படித்துப் பொருள் விளங்காத தாளில் ஒப்பமிட மறுக்கவும், ஒப்பமிட்ட தாளின் படியைக் கேட்கவும் ஊழியர் தயங்க வேண்டியதில்லை. இயலாதபோது கைப்பேசியில் ஒரு படமேனும் எடுத்து வைக்கலாம்.

தயக்கத்துக்கு மூலகாரணம் பெரும்பாலும் கடன். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஊழியரிடமிருந்து ஓராண்டுப் பணிக்கு ஒரு மாத ஊதியம் என்ற கணக்கில், கூடினால் இரண்டு மாத ஊதியம் வரையே கட்டணம் பெறலாம். ஆனால் ஊரில் ஏஜென்டுக்கும் இடைத்தரகருக்கும் கொடுத்த தொகையை இவ்வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. இந்தியாவிலோ, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி முன்அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லாததால், வளைகுடா செல்வோர் கடக்கும் அரசுச் சரிபார்ப்பு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கட்டிய பணத்துக்கு ரசீது பெறாதவர் இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் இடையிலான இந்த இடைவெளியில் சிக்கிக்கொள்கிறார். வேலை கொடுத்ததற்காகவோ அனுமதியைப் புதுப்பித்ததற்காகவோ முதலாளியே பணம் கேட்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத குற்றம். 30,000 வெள்ளி, அதாவது அத்தனை சிங்கப்பூர் டாலர், வரையிலான அபராதமும் ஈராண்டு வரையிலான சிறையும் அதற்கு விதிக்கப்படலாம். கடவுச்சீட்டை ஊழியரின் விருப்பமின்றி முதலாளி வைத்துக்கொள்வதும் சட்டத்துக்குப் புறம்பானதே.

வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முக்கிய பணி விதிமுறைகள் எழுத்தில் தரப்பட வேண்டும். ஊதியக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் ஊதியம் வர வேண்டும்; விவரங்கள் பிரித்துக் காட்டப்பட்ட ஊதியச் சீட்டும் தரப்பட வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு, அதாவது ஓ.டி.க்கு, மணிக்கணக்கில் ஒன்றரை மடங்கு கூலி உண்டு. மணிக்கணக்கு முதலாளியின் ஏட்டில் மட்டுமே இருக்கும்போதுதான் தகராறு வலுக்கிறது என்பதால், வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் முதல் நாளிலிருந்தே சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவருவது, பின்னாளில் திரட்ட முயலும் எந்தச் சாட்சியத்தையும்விடப் பயன் தரும்.

காயம் பட்டால், வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் தவறு யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. வேலையின்போது நேர்ந்ததா என்பதே அளவுகோல். எனவே விபத்தின் நாள், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை மருத்துவரிடம் ஊழியரே தெளிவாகச் சொல்ல வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைக்கான காலவரம்பு ஓராண்டு.

ஊதிய முறையீடு, தகராறு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசத்துடன் தொடங்குகிறது. தீராவிட்டால் வேலைவாய்ப்புக் கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குச் செல்கிறது. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், விலகியவர் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள்ளும் பதிய வேண்டும். வழிகாட்டுதலுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ, டி.டபிள்யூ.சி.2 போன்ற தொண்டமைப்புகளையோ அணுகலாம். முறையிட்டவரை ஊதிய பாக்கியுடன் அவசரமாக ஊருக்கு அனுப்ப முயற்சி நடந்தால், சாங்கி விமான நிலையத்தின் குடிநுழைவு முகப்பைக் கடக்கும் முன்பே அங்குள்ள அதிகாரியிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்; அந்த முகப்பைக் கடந்த பிறகு ஊரிலிருந்தபடி முறையீட்டை நடத்துவது மிகவும் கடினம்.