வங்கி மாறும் முன் ஒரு மனு

கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் வளைகுடாச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2025-இல் 6.5 விழுக்காட்டிலிருந்து 5.25-க்கு இறங்கியது. ஆனாலும் பழைய கடன்காரர்கள் பலருக்கு வட்டி அந்த வேகத்தில் இறங்கவில்லை.

கடன் வாங்கிய ஆண்டைப் பார்த்தால் காரணம் தெரியும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். அதற்கு முந்தைய கடன்கள் எம்.சி.எல்.ஆர். போன்ற வங்கியின் உள்கணக்கில் ஓடுகின்றன. அதிலிருந்து ரெப்போ கணக்குக்கு மாற்றித் தரும்படி உங்கள் கிளையிலேயே மனு கொடுக்கலாம். நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இந்த எளிய வழியை வங்கிகளே முன்வந்து சொல்ல வேண்டும் என்பேன்.

பாக்கி 15 லட்சம், மீதி 15 ஆண்டு என்று வையுங்கள். வட்டி 9.5-லிருந்து 8.5 ஆனால் தவணை 15,663-லிருந்து 14,771 ரூபாயாகும். முடிவில் மிச்சம் சுமார் 1.6 லட்சம். அதே கடனை வேறு வங்கி அதே 8.5 வட்டியில் ‘டேக் ஓவர்’ செய்து 20 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 13,017-தான். கேட்க இனிக்கும்; ஆனால் பழைய வட்டியிலேயே கட்டியிருந்தால் ஆகும் மொத்தத்தைவிட 3 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். அமெரிக்காவில் அரசுக் காப்பீடு பெற்ற வீட்டுக் கடனைச் சுருக்க வழியில் மாற்றும்போது, கடன்காரருக்கு உண்மையான ஆதாயம் இருப்பதைக் காட்டியாக வேண்டும். இங்கே அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டியிருக்கிறது.

வங்கி மாறினால் அலைச்சலும் உண்டு. பழைய எம்.ஓ.டி.க்கு (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான அடமானப் பதிவு) ரசீதுப் பத்திரம், புதிய எம்.ஓ.டி., முத்திரைத் தீர்வை, வக்கீல் கருத்து, வில்லங்கச் சான்று. கணவர் துபாயில் இருந்தால் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் வர வேண்டும். வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வட்டி மானியம் வாங்கியவருக்கு, புதிய வங்கியில் மறுபடி மானியம் கிடையாது.

வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்த ரெப்போ கட்டாயம் இல்லை. அங்கே கடன் வாங்கியவர்கள், கேட்டும் வட்டி குறையாவிட்டால், மாறத் தயங்க வேண்டாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. புதிய இடத்தில் மீதமுள்ள ஆண்டுகளுக்கு மட்டும் தவணை போடச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.