இணைக்கம்பியின் சமநிலையும் அதனை அளக்கும் கருவியும்

வட சிலாங்கூரில் பிற்பகல் இடி புதுமையன்று. கிள்ளான் பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் இடிமுழக்கம் கேட்கும். உலகில் மின்னல் மிகுந்த வட்டாரங்களுள் இதுவும் ஒன்று. புக்கிட் பெருந்துங்கில் ஒரு வீட்டினுள் ஓடும் கணினிக் கம்பியிலும், தொலைவில் மின்னல் வெட்டும்பொழுது வேண்டாத மின்னழுத்தம் சிறிது ஏறுகிறது. ஆயினும் செய்தி பெரும்பாலும் கெடுவதில்லை. கம்பிகள் இரண்டிரண்டாக இணைந்து ஓடுவதே இதற்கு முதற்காரணம்.

தொலைபேசி தோன்றிய புதிதில் ஒற்றைக் கம்பியே போடப்பட்டது; மின்சாரம் திரும்பிவரும் வழியாக நிலம் பயன்பட்டது. அருகே தந்திக் கம்பி ஓடினால் அதன் தட்டொலி காதில் விழும். பின்னாளில் டிராம் வண்டிகளின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் முறுக்கிய இணைக்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்குவதால் இரு கம்பிகளும் மாறிமாறி இரைச்சலுக்கு அருகே வருகின்றன. ஆகவே இரண்டும் அதனைச் சமமாக ஏற்கின்றன.

சமமாக ஏற்பதில் என்ன நன்மை? ஒரு கம்பியில் +0.5 வோல்ட், மற்றதில் −0.5 வோல்ட் எனச் செய்தி அனுப்பப்படுகிறது என்று கொள்க. மின்னலால் இரண்டிலும் 3 வோல்ட் ஏறுகிறது. இப்பொழுது ஒன்றில் 3.5, மற்றதில் 2.5. மறுமுனையிலுள்ள கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே நோக்குகிறது. விடை 1 வோல்ட். மின்னல் வந்த சுவடே இல்லை! ஆனால் இரண்டாம் கம்பி 2.7 வோல்ட் மட்டுமே ஏற்றிருந்தால் விடை 1.3 ஆகிவிடும். அந்த 0.3 வோல்ட் இனிச் செய்தியோடு கலந்துவிட்டது. அதனைப் பிரித்தெடுக்க எளிய வழியில்லை.

ஆகவே ஒரு கேபிளையோ செருகியையோ வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி, "இரு கம்பிகளின் சமநிலை எவ்வளவு பிசகியிருக்கிறது?" என்பதே. விடையளிப்பது வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்னும் கருவி. இது அறிந்த அளவுள்ள ஓர் அலையை ஒரு முனையில் செலுத்தி, திரும்பி வருவது எவ்வளவு, கடந்து போவது எவ்வளவு என்று அளக்கிறது. அலையின் வீச்சோடு அதன் கட்டத்தையும், அதாவது அலை எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது என்பதையும், குறித்துக்கொள்கிறது. இந்தக் கட்டம் தெரியாவிட்டால் ஓர் அலையிலிருந்து மற்றோர் அலையைக் கழிக்கவே முடியாது. 500 மெகாஹெர்ட்சில் கேபிளினுள் அலையின் நீளம் ஏறத்தாழ 40 செ.மீ. ஒரு கம்பி மற்றதைவிட 1 செ.மீ. நீண்டிருந்தால் போதும், 9 பாகை பிசகிவிடும்.

ஓர் இடர் உண்டு. இக்கருவியின் வாயில்கள் ஒற்றைக் கம்பிக்கும் நிலத்துக்கும் ஏற்பட்டவை. இணைக்கம்பியை நேரே செருக இடமில்லை. முன்னர் நடுவே பாலன் என்னும் சிறு மின்மாற்றியை வைத்து அளந்தனர். அந்தப் பாலனின் குறையும் அளவோடு கலந்துவிடும். 1995-இல் டேவிட் பொக்கல்மன், வில்லியம் ஐசன்ஸ்டாட் ஆகிய இருவரும் வேறு வழியைக் கணக்கிட்டு வெளியிட்டனர். இணைக்கம்பியின் நான்கு முனைகளையும் நான்கு வாயில்களில் இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அலை செலுத்தினால் 16 அளவுகள் கிடைக்கும். அவற்றைக் கூட்டியும் கழித்தும் வேறுபாட்டு அலை எவ்வாறு நடக்கிறது, பொது அலை எவ்வாறு நடக்கிறது, ஒன்று மற்றொன்றாக எவ்வளவு மாறுகிறது என அறியலாம். மேற்கண்ட பழுதான கம்பியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மாறியது. இதனை 20 டெசிபெல் என்பர். 40 டெசிபெல் என்றால் நூற்றில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய மாற்றத்தைக் காண, கருவியின் செவி கூர்மையாக வேண்டும். அது கேட்கும் அலைவரிசைப் பட்டையைப் பத்தில் ஒன்றாகக் குறுக்கினால் இரைச்சலின் ஆற்றலும் பத்தில் ஒன்றாகும்; காலம் மட்டும் நீளும்.

இக்கருவிகள் மலேசியாவுக்கு அந்நியமல்ல. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலன்ட் ஆகி, 2014-இல் கீசைட் என்று பெயர் பெற்றது.

வீடுகளில் கேபிள் பொருத்துவோர்க்கும் இதில் பாடம் உண்டு. செருகியருகே முறுக்கை 13 மில்லிமீட்டருக்குமேல் அவிழ்க்கலாகாது என்று விதி இருப்பது வீண் கெடுபிடியன்று. அவசரத்தில் நாலைந்து செ.மீ. அவிழ்த்துவிடுவோர் பலர், சமநிலை அங்கேதான் கெடுகிறது.

கூட்டிக் கழிக்கும் இம்முறை கேபிள், செருகி போன்றவற்றுக்கு முற்றும் பொருந்தும். வலுவான அலையால் திணறும் பெருக்கிக்குப் பொருந்தாது. அங்கே இரு வாயில்களிலும் எதிரெதிர் அலைகளை ஒரே நேரத்தில் செலுத்தியே அளக்கவேண்டும். அதற்கு ஒத்திசைந்த இரு அலைமூலங்கள் கொண்ட, விலை மிகுந்த கருவி தேவை.