கம்ப்யூட்டர் மேசைக்குள் ஒரு தேன்கூடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அதை வைக்கப் போகும் மேசையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. விராலிமலைப் பக்கம் என்னிடம் வருபவர்களில் சிலர் மட்டும், "பலகை ஒன்றரை அங்குலம் இருக்கிறது. தூக்கினால் அட்டைப் பெட்டி மாதிரி லேசாக இருக்கிறது. தாங்குமா சார்?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. தாங்கும், ஆனால் எடையை எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏன் என்று பார்ப்போமா?

உள்ளே என்ன இருக்கிறது?

இந்த வகைப் பலகையைக் குறுக்கே அறுத்தால் மேலே ஒரு மெல்லிய பலகை, கீழே ஒரு மெல்லிய பலகை இருக்கும். நடுவில் தேன்கூடு போல அறுகோண அறைகள் கொண்ட தடித்த காகிதம். சுற்றிலும் ஓரத்தில் மட்டும் பார்ட்டிகிள் போர்டு சட்டம். மற்றபடி உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றுதான். ஐக்கியா போன்ற பெரிய நிறுவனங்களும் தங்கள் மேசைகள் சிலவற்றில் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

இதைச் செய்யும் முறையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். விழாக்களில் தொங்கவிடும் வண்ணக் காகிதப் பந்து தட்டையாக மடிந்து வரும். விரித்தால் அறை அறையாகத் திறக்கும். தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒரு காகிதத்தில் இடைவெளி விட்டுக் கோடு கோடாகப் பசை தடவுகிறார்கள். அடுத்த காகிதத்தில் அந்த இடைவெளிகளுக்கு நேராகப் பசை வரும். இப்படி அடுக்கி ஒட்டி, வேண்டிய உயரத்துக்கு வெட்டி, இழுத்து விரித்தால் தேன்கூடு தயார். காகிதத்துக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகட்டிலும் இப்படிச் செய்யலாம்.

லேசான பலகை எப்படி எடையைத் தாங்குகிறது?

ஒரு பலகையின் நடுவில் எடை வைத்தால் அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு அவ்வளவு வேலை இல்லை. எனவே உறுதியான பொருளை மேலும் கீழும் வைத்து, நடுவில் லேசான பொருளை நிரப்பலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தகட்டை இரண்டு மெல்லிய தகடுகளாகப் பிரித்து, நடுவில் தேன்கூடு வைத்து, மொத்தத் தடிமனை 2 மடங்கு ஆக்கினால், வளையாமல் நிற்கும் திறன் சுமார் 7 மடங்கு ஆகிறது. தடிமனை 4 மடங்கு ஆக்கினால் 37 மடங்கு! கூடும் எடையோ சில சதவீதம்தான்.

விராலிமலைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் காலடியிலேயே கிடக்கிறது. மயில் தானாக உதிர்த்த நீண்ட தோகை இறகின் தண்டைப் பாருங்கள். வெளியே வழுவழுப்பான கெட்டி ஓடு, உள்ளே தக்கை போன்ற வெள்ளைப் பஞ்சு. அறுகோணம் இல்லை என்றாலும் தத்துவம் ஒன்றுதான்.

ஏன் அறுகோணம்? ஒரு பரப்பைச் சம அளவு அறைகளாகப் பிரிக்கும்போது, மிகக் குறைந்த சுவர் நீளம் போதுமானது அறுகோணத்துக்குத்தான். இதை 1999-ல் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணித அறிஞர் நிரூபித்தார். பல சிபியு கேபினட்களின் பின்புறக் காற்றுத் துளைகள் அறுகோணமாக இருப்பதைக் கவனியுங்கள். குறைந்த தகட்டில் அதிகக் காற்றுவழி கிடைக்கும் என்பதே காரணம்.

விண்வெளியிலும் இதுதான்

இஸ்ரோவின் செயற்கைக்கோள்களிலும் அலுமினியத் தேன்கூட்டுப் பலகைகள் உண்டு. ராக்கெட்டில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் செலவு அல்லவா? 1969-ல் நிலவில் இறங்கிய அப்போலோ 11 கலத்தின் கால்களுக்குள்ளும் அலுமினியத் தேன்கூடு இருந்தது. அங்கே அதன் வேலை வேறு: இறங்கும் அதிர்ச்சியை, தான் நசுங்கி வாங்கிக் கொள்வது. ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. உங்கள் மேசைக்கும் இந்தக் குணம் உண்டு. அதனால்தான் எச்சரிக்கை தேவை.

கவனிக்க வேண்டியவை

1. பலகையின் நடுவிலும் ஓரத்திலும் விரலால் தட்டிப் பாருங்கள். நடுவில் பொள்ளலாகவும் ஓரத்தில் கெட்டியாகவும் சத்தம் கேட்டால், உள்ளே பெரும்பாலும் வெற்றிடமோ தேன்கூடோதான்.

2. பரவலான எடையை இது நன்றாகத் தாங்கும். ஒரே புள்ளியில் விழும் அழுத்தம்தான் எதிரி. மானிட்டரைப் பிடிக்கும் கிளாம்ப் வகைக் கையை நேரடியாக முடுக்கினால் மேல்பலகை உள்வாங்கி, மானிட்டரே சாயலாம். பலகையின் மேலும் கீழும் அகலமான பிளைவுட் துண்டு அல்லது இரும்புத் தகடு வைத்து முடுக்குங்கள். கனமான மானிட்டர் என்றால் சுவரில் மாட்டுவதே நல்லது.

3. நடுப்பகுதியில் ஸ்க்ரூ அடிக்காதீர்கள். காகிதத்தில் மரை பிடிக்காது. கேபிள் போக ஓட்டை போட்டால், வெட்டிய விளிம்பை டேப் ஒட்டி மூடுங்கள்.

4. காப்பி சிந்தினால் உடனே துடையுங்கள். ஈரம் இறங்கினால் காகிதம் பலம் இழக்கும்; நசுங்கிய அறைகளைச் சரி செய்ய முடியாது.

5. ஈய பேட்டரி உள்ள யூபிஎஸ் கனமானது. அதைத் தரையிலோ, மேசைக் காலுக்கு அருகிலோ வையுங்கள்.

லேசாக இருப்பதால் மட்டும் இந்த மேசையை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். மாடிக்கு ஒருவரே தூக்கிச் செல்லலாம், விலையும் குறைவு. ஆனால் கிளாம்ப் மாட்டத்தான் வேண்டும் என்றால், பிளைவுட் பலகை உள்ள மேசையாகக் கேட்டு வாங்குங்கள். மேசையில் மிச்சம் பிடிக்கும் பணத்தை விட மானிட்டரின் விலை அதிகம்.