தண்டவாளம் போன பாதையில் ஒரு தேடல்

புக்கிட் தீமாவின் பழைய ரயில் பாலத்தருகே, கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு யாராவது ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால், எதையோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். அவர் தேடுவது, வேறொருவர் வேண்டுமென்றே ஒளித்துவைத்த சிறு டப்பாவாகவும் இருக்கலாம். இந்த விளையாட்டுக்கு ‘ஜியோகேஷிங்’ என்று பெயர்.

இது பிறந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் துணைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞை முன்பு வேண்டுமென்றே பிசகாக்கப்பட்டிருந்தது. கருவி காட்டும் இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் 100 மீட்டர்வரைகூட வேறுபாடு இருக்கும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அந்தத் தடை நீக்கப்பட்டது. மறுநாளே ஓரிகன் மாநிலக் காட்டில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். சில நாள்களிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாளிக்குள் புத்தகம், கவண் முதலியவற்றோடு ஒரு டின் பயறும் இருந்தது. இன்றைய விதிப்படி உணவுப்பொருள் வைக்கக் கூடாது. வாசனை பிடித்து விலங்குகள் வந்து உடைத்துவிடும்.

விளையாடும் முறை எளிது. இணையத்தளத்திலோ செயலியிலோ இட எண்களைப் பெற்று அங்கே செல்ல வேண்டும். டப்பாவைக் கண்டெடுத்தால், உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுப்பவர், அதற்கு ஈடான ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும்.

ரயில் நின்றுபோன பாதைகள் இதற்கு வெகு பொருத்தம். ரயிலுக்காகப் போட்ட தடத்தில் செங்குத்தான ஏற்றம் இருக்காது. வாகனத் தொல்லையும் இல்லை. ரயில் ஓடும் தடத்தின் கதை வேறு. அங்கே நடப்பதே அத்துமீறல். தண்டவாளத்திலிருந்து 150 அடிக்குள் டப்பா வைக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் பழகிய விதி.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை நீளும் 24 கிலோமீட்டர் பாதையில், 2011 ஜூன் 30ஆம் தேதி இரவோடு மலாயா ரயில் நின்றது. சில இடங்களைத் தவிர, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அது நடைபாதையானது. புக்கிட் தீமா நிலையம் காக்கப்பட்டுள்ளது. அது ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு ரயில்கள் புகுந்துவிடாதிருக்க, நிலைய ஊழியர் ஒரு சாவியை வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் நீட்டுவார். அந்தச் சாவி கைக்கு வராமல் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. கடைசி நாள்வரை அங்கே அந்த முறைதான் நடந்தது.

பாலத்தருகே தேடுவது கொஞ்சம் சிரமம். இட எண்களின் கடைசி இலக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தைக் குறிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் துணைக்கோள் சமிக்ஞை இரும்பில் பட்டுத் தெறித்து வருவதால் அம்புக்குறி ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். அங்கே கருவியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவதே நல்லது.

உண்மையில் டப்பாவைவிட மதிப்புள்ளது அதை வைத்தவர் எழுதும் குறிப்பு. அந்த இடத்தின் கதையை அதில் சொல்லலாம். குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் வசித்த ரயில்வே ஊழியர்கள் 1930களில் எழுப்பிய சிறு கோயில்தான் பின்னர் காமன்வெல்த் டிரைவுக்கு மாறி, இன்றைய ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக வளர்ந்தது. நடைபாதையில் செல்லும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர் எழுதாவிட்டால், தெரியாதவர் பாலத்தின் நீள அகலத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவார். பாட்டனார் ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை. இந்தக் குறிப்புகளை எழுதத் தகுந்தவர்கள் அவர்களே.

இதெல்லாம் வீண் தொல்லை என்போரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பச்சை நாடா சுற்றி மறைத்த உருளையைப் பார்ப்பவர் போலிசை அழைத்தால் அவர்மேல் குற்றமில்லை. அதனால் டப்பாவின் வெளிப்புறத்திலேயே இது இன்னது என்று எழுத வேண்டும். நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதியும் வாங்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. பழைய செங்கல்லைப் பெயர்த்து இடுக்கு உண்டாக்குவது அதைவிட மோசம்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் கொசு. மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கிவிடும். கொசு பெருக இடங்கொடுப்பது சிங்கப்பூரில் குற்றம். வைத்தவர் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும்; முடியாதென்றால் எடுத்துவிட வேண்டும்.

தேடப் போகிறவர்களுக்குத் தண்ணீரும் கொசு மருந்தும் தேவை. பென்சிலையும் மறக்கக் கூடாது. விரலளவு டப்பாக்களில் தாள் மட்டுமே இருக்கும்.